ஒரே பையன், ஐந்து படங்கள்

போன தீபாவளி விடுமுறைக்கு ஹாஸ்டலில் இருந்து வந்த மகன், வந்த அன்றைக்கே என்னைப் பிடித்து உட்காரவைத்து 'சின்னர்ஸ்' படத்தைப் போட்டுவிட்டான். 2025-ல் வந்த அமெரிக்கப் பேய்ப்படம். அதில் ஐரிஷ் பாட்டுப் பாடிக்கொண்டே ரத்தம் குடிக்க வருகிற ஆளைக் காட்டி, "இவர் புதுசாப்பா? செமையா பண்றார் இல்ல?" என்றான்.

"புதுசா? இவனை எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும்டா. ஒரு காலத்துல இவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆகாது."

அடுக்களையில் இருந்து தங்கமணி, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள். ஆரம்பித்துவிட்டேன் :-) அன்று அவனிடம் சொன்னது பாதி. சொல்லாமல் விட்ட மீதியும் சேர்த்து இந்தப் பதிவு.

அந்த நடிகர் ஜாக் ஓ'கானல். 2006 முதல் 2014 வரை பிரிட்டனில் எடுத்த ஐந்து சின்ன பட்ஜெட் படங்களில் இவர் ஒரே மாதிரிப் பையனாக வருகிறார். ரவுடி, கொலைகாரன், கைதி, சிப்பாய் என்று வேஷம் மட்டும் மாறும். ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால், ஒரு நாடு தன் ஏழைப் பையன்களை எந்தக் கண்ணால் பார்த்தது என்ற சரித்திரம் கிடைக்கிறது. நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பதும்தான்.

(எச்சரிக்கை: ஐந்து படங்களின் கதையும் வரும். நான்கு படங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்காது. ஐந்தாவதும் அப்படித்தான்.)

முதலில் ஆளைப் பற்றி. 1990 ஆகஸ்டில் டெர்பி நகரத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் தொழிற்சாலை ஊர் அது. ரோல்ஸ்ராய்ஸ் விமான இஞ்சினும் ரயில் பெட்டியும் செய்கிற இடம். அப்பா அயர்லாந்தின் கெர்ரி பகுதியில் இருந்து பிழைக்க வந்து ரயில்வே சம்பந்தப்பட்ட வேலையில் இருந்தவர். நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம். 2009-ல், மகன் பெயர் எடுக்க ஆரம்பிக்கும் நேரத்தில், அவர் புற்றுநோயில் போய்விட்டார்.

பையனுக்கு முதலில் கால்பந்து ஆசை. அடிபட்டு அது போயிற்று. பட்டாளத்தில் சேரலாம் என்றால், விடலைப் பருவத்தில் போலீஸ், கோர்ட் என்று பதிவாகியிருந்த வழக்குகள் குறுக்கே நின்றன. மிஞ்சியது பக்கத்து ஊரான நாட்டிங்காமில் இருந்த ஒரு நடிப்புப் பட்டறை. சென்ட்ரல் தொலைக்காட்சி 1983-ல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. காசு கிடையாது. சாமந்தா மார்ட்டன், விக்கி மெக்ளூர் எல்லாம் அங்கே உருவானவர்கள்தான். அந்த 'காசு கிடையாது' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயில், பட்டாளம், நடிப்பு என்று மூன்று கதவு. மூன்றாவது திறந்ததால், முதல் இரண்டுக்குள்ளும் கேமராவோடு போய்வர முடிந்தது இவருக்கு.

ஒன்று: 'திஸ் இஸ் இங்கிலாந்து' (2006)

இயக்குநர் ஷேன் மெடோஸ், அதே நடு இங்கிலாந்துக்காரர். தயாரித்தது ஷெஃபீல்டு நகரத்து வார்ப் ஃபிலிம்ஸ். அந்த ஊரில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய வார்ப் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் கிளை. செலவு சுமார் 15 லட்சம் பவுண்டு. ஹாலிவுட் கணக்கில் அது சாப்பாட்டுச் செலவு. அதிலும் ஒரு பங்கு, லாட்டரி வருமானத்தைச் சினிமாவுக்குப் பிரித்துக் கொடுத்த யுகே ஃபிலிம் கவுன்சில் என்ற பொது அமைப்பில் இருந்து வந்தது.

கதை 1983-ல் நடக்கிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஃபாக்லாந்து போர். 255 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். அதே 1982-ல் நாட்டில் வேலை இல்லாதவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டினார்கள். படத்தின் நாயகன் ஷான் பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா அந்தப் போரில் செத்துவிட்டார். பள்ளியில் கேலி. அவனைச் சேர்த்துக்கொள்வது மொட்டைத்தலை 'ஸ்கின்ஹெட்' கூட்டம் ஒன்று.

ஸ்கின்ஹெட் என்றாலே வெள்ளை நிறவெறி என்று நினைத்திருந்தேன். 1960-களின் கடைசியில் அது ஆரம்பித்தபோது கதை வேறு. ஜமைக்காவில் இருந்து குடியேறியவர்களின் ஸ்கா, ரெகே இசையில் மயங்கிய வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பையன்களின் ஸ்டைல்தான் அது. ஆலைகள் மூடி, பையன்கள் தெருவில் நின்ற காலத்தில்தான் 'நேஷனல் ஃப்ரண்ட்' கட்சி வலைவீசியது. "உன் வேலையை எடுத்துக்கொண்டவன் இதோ, அந்தப் பாகிஸ்தான்காரன்" என்று கை காட்டியது. படத்தில் ஜெயிலில் இருந்து திரும்பும் காம்போ (ஸ்டீபன் கிரஹாம், என்ன நடிப்பு!) அந்தப் பிரச்சாரத்தைக் கூட்டத்துக்குள் கொண்டுவருகிறான்.

ஓ'கானலுக்குச் சின்ன வேஷம். பெயர் பூக்கி. கட்சிக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், "இதையெல்லாம் நீ நிஜமாவே நம்புறியா?" என்ற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறான். காம்போ அவனைக் காரில் இருந்து இழுத்து வெளியே தள்ளி, நடுரோட்டில் விட்டுப் போய்விடுகிறான். ஐந்து படங்களிலும் இவர் கேள்வி கேட்பதற்காக அடிவாங்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். படம் 2008 பாஃப்டா விழாவில் சிறந்த பிரிட்டிஷ் படம் என்ற விருதை வாங்கியது.

இரண்டு: 'ஈடன் லேக்' (2008)

நான் முதலில் பார்த்தது இதைத்தான். 2010 வாக்கில், ஆபீஸ் நண்பர் ஒருவரின் ஹார்டு டிஸ்க்கில். (இப்போது திருந்திவிட்டேன்.)

ஜேம்ஸ் வாட்கின்ஸ் இயக்கம். லண்டன் ஜோடி ஒன்று (கெல்லி ரைலி, மைக்கேல் ஃபாஸ்பெண்டர்) வார இறுதிக்கு ஓர் ஏரிக்குப் போகிறது. தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரி அது. அங்கே உள்ளூர் விடலைகள், நாய், அலறும் பாட்டு. "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்கப்பா" என்பதில் தொடங்கும் வம்பு கத்திக்குத்தில் முடிகிறது. கூட்டத்தலைவன் பிரெட், ஓ'கானல்தான். மற்ற பையன்களைக் கட்டாயப்படுத்தி ஆளுக்கொரு குத்து குத்தவைத்து, அதை ஒரு பெண்ணிடம் செல்போனில் படம் பிடிக்கச் சொல்கிறான். யாரும் தப்பிப் போய்ச் சாட்சி சொல்லிவிடக் கூடாதாம். அந்த முகத்தை மறக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

இந்தப் படம் வந்த நேரம் முக்கியம். 1998-லேயே சட்டம் போட்டு, அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்பவர்களுக்கு 'ஆஸ்போ' என்ற தடை உத்தரவு கொண்டுவந்திருந்தார்கள். 2005-ல் கென்ட் பகுதியில் ஒரு பெரிய ஷாப்பிங் மால், தலையை மூடும் ஹூடி சட்டை போட்டு உள்ளே வரக் கூடாது என்றது. 2006-ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன், இந்தப் பையன்களைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்று பேசினார். "ஹூடியைக் கட்டிப்பிடி" என்று அவர் சொன்னதாகக் கேலி செய்தார்கள். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை! இந்தச் சூழலில் வந்த படங்களுக்குப் பத்திரிகைகள் 'ஹூடி ஹாரர்' என்றே பெயர் வைத்துவிட்டன. பழைய பேய்ப்படங்களில் காட்டேரி இருந்த இடத்தில் இப்போது ஏழைப் பையன். 2011-ல் வந்த 'சாவ்ஸ்' புத்தகத்தில் ஓவன் ஜோன்ஸ், உழைக்கும் வர்க்கத்தை அரக்கராகக் காட்டுவதற்கு உதாரணமாக இந்தப் படத்தையும் சேர்த்தார்.

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் படத்திலேயே இரண்டு விஷயங்களை நான் முதல் தடவை கவனிக்கவில்லை. அந்தக் குவாரியை வேலி போட்டு அடைத்து, பணக்காரர்களுக்கான கேட்டட் கம்யூனிட்டி கட்டப்போகிறார்கள். 'ஈடன் லேக்' என்பது அதற்கு வைத்த பெயர். பையன்கள் இத்தனை நாள் நீந்திய தண்ணீர் நாளை அவர்களுடையது இல்லை. இரண்டாவது, கடைசிக் காட்சி. பிரெட்டின் வீடு, அவன் அப்பா, கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்த அலறல். மாடியில் அவன் செல்போன் படங்களை அழித்துவிட்டு, செத்தவனின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிறான். இவன் எங்கிருந்து வந்தான் என்பதற்குப் பதில் அந்த வீட்டில் இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் "இவனையெல்லாம் உயிரோட விடக் கூடாது" என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

மூன்று: 'ஹாரி பிரவுன்' (2009)

டேனியல் பார்பர் படம். மைக்கேல் கெய்ன், ஓய்வு பெற்ற ராயல் மரீன் வீரர். இடம் தெற்கு லண்டனில் ஹேகேட் எஸ்டேட். அந்த ஊர் 'கவுன்சில் எஸ்டேட்' என்பதை நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்கத் தோழரைத் தெருப் பையன்கள் கொன்றுவிட, கிழவர் துப்பாக்கி எடுக்கிறார். ஓ'கானல் அதில் மார்க்கி. ஹாரி அவனை நாற்காலியில் கட்டிவைத்து விசாரிக்கிறார். போன படத்தில் மிரட்டிய அதே முகம், இதில் பயந்து அழுகிறது.

ஹாரி வட அயர்லாந்தில் சண்டை போட்டவர். அங்கே எதிரிகள் ஏதோ ஒரு லட்சியத்துக்காகச் சண்டை போட்டார்கள், இந்தப் பையன்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு என்ற பொருளில் ஒரு வசனம் பேசுவார். தியேட்டரில் கைதட்டு வாங்கும் வசனம். அந்த வட அயர்லாந்துக் கணக்கு எவ்வளவு சரி என்பதை ஐந்தாவது படம் சொல்லும்.

கெய்ன் அதே பகுதியில் வளர்ந்தவர். 2010 தேர்தல் சமயத்தில், இளைஞர்களுக்கான சேவைத் திட்டம் ஒன்றை கேமரூன் அறிமுகப்படுத்தியபோது கூடவே மேடையில் நின்றார். ஹேகேட் எஸ்டேட்டை 2014-க்குள் முழுக்க இடித்துவிட்டு விலை கூடிய அடுக்குமாடிகள் கட்டினார்கள். பழைய குடியிருப்புவாசிகள் பெரும்பாலோர் வேறு எங்கோ போனார்கள்.

இடையில் இரண்டு சம்பவங்கள். 2010-ல் வந்த புது அரசு சிக்கனம் என்று சொல்லி யுகே ஃபிலிம் கவுன்சிலை மூடப்போவதாக அறிவித்தது. 2011 பிப்ரவரியில் அந்தக் கவுன்சில் பணம் போட்ட 'தி கிங்ஸ் ஸ்பீச்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அடுத்த மாதம் கவுன்சில் மூடப்பட்டது! (வேலை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனதால் சின்னப் படங்கள் பிழைத்தன.) அதே ஆகஸ்டில், டாட்டன்ஹாமில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்ததில் தொடங்கிய கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. ஐந்து பேர் செத்தார்கள், மூவாயிரத்துக்கும் மேல் கைது. ஹூடி ஹாரர் டிவி செய்தியிலேயே ஓடியது.

நான்கு: 'ஸ்டார்ட் அப்' (2013)

கம்பெனி ஆரம்பிக்கும் 'ஸ்டார்ட்டப்' இல்லை! சிறுவர் சிறையில் அடக்க முடியாத பையனை வயசுக்கு முன்பே பெரியவர்கள் ஜெயிலுக்கு மாற்றுவதற்கு அங்கே இருக்கும் சிறைப் பேச்சு. டேவிட் மெக்கன்சி இயக்கம். எழுதியவர் ஜொனாதன் ஆஸர், லண்டன் வான்ட்ஸ்வொர்த் ஜெயிலில் கைதிகளோடு உட்கார்ந்து கோபத்தைக் கையாளப் பழக்கியவர். பார்த்ததை எழுதியிருக்கிறார்.

ஓ'கானல் இதில் எரிக். பத்தொன்பது வயது. உள்ளே போட்ட சில நிமிஷத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷில் பிளேடைப் பதித்து ஆயுதம் செய்துவிடுகிறான். அதே ஜெயிலில் அவன் அப்பாவும் (பென் மெண்டல்சன்) ஆயுள் கைதி. ஈடன் லேக் படத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தில் எட்டிப் பார்த்த அப்பா-மகன் விவகாரம்தான் இங்கே முழுப் படம். எரிக்கும் பிரெட்டைப் போல வெறிபிடித்தவன்தான். ஆனால் நான்கு கைதிகள் வட்டமாக உட்கார்ந்து பேசும் காட்சிகளில், அடிக்காமல் ஒரு நிமிஷம் நாற்காலியில் இருப்பதற்கு அவன் படும் பாடு இருக்கிறதே, அதைப் பார்த்தபோது முதல்முறையாக இந்த முகம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

கதை இங்கிலாந்து ஜெயில். எடுத்ததோ வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், க்ரம்லின் ரோடு சிறையில். விக்டோரியா காலத்துக் கட்டடம், 1996-ல் மூடியது. 1971 நவம்பரில் ஒன்பது ஐ.ஆர்.ஏ. கைதிகள் சுவர் ஏறித் தப்பியது இங்கேதான். அந்த 1971-க்குத்தான் அடுத்த படம் போகிறது.

ஐந்து: ''71' (2014)

இந்தப் படத்தின் கதை பெல்ஃபாஸ்டில். எடுத்தது இங்கிலாந்தில்! 1971-இன் பெல்ஃபாஸ்ட் தெரு இன்றைய பெல்ஃபாஸ்டில் இல்லாததால், பஞ்சாலை ஊரான பிளாக்பர்னின் செங்கல் வீட்டு வரிசைகளும் ஷெஃபீல்டின் பார்க் ஹில் அடுக்குமாடியும் வேஷம் போட்டன. யோசித்துப் பார்த்தால் இதுவே ஒரு வரலாற்றுப் பாடம். எந்த ஏழைகள் எந்த ஏழைகளைச் சுட்டார்கள் என்பதை அந்த வீடுகளின் ஒற்றுமை சொல்லிவிடுகிறது.

யான் டெமாஞ்ச் இயக்கம், அப்பா அல்ஜீரியர், அம்மா பிரெஞ்சுக்காரர், வளர்ந்தது லண்டன். எழுத்து கிரெகரி பர்க். தயாரிப்பில் நம் பழைய வார்ப் ஃபிலிம்ஸ்.

சுருக்கமாகப் பின்னணி. 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பட்டாளம் வட அயர்லாந்துத் தெருக்களில் இறங்கியது. 2007 வரை இருந்தது. 1971 பிப்ரவரியில் முதல் சிப்பாய் ஐ.ஆர்.ஏ. கையால் செத்தான். மார்ச்சில் மூன்று இளம் ஸ்காட்லாந்துச் சிப்பாய்களை மதுக்கடையில் இருந்து பேச்சுக்கொடுத்துக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். அதில் இருவர் அண்ணன் தம்பி, ஒருவனுக்குப் பதினேழு வயது. அதன் பிறகுதான் பதினெட்டுக்குக் கீழ் யாரையும் அங்கே அனுப்புவதில்லை என்று முடிவானது. ஆகஸ்டில் விசாரணை இல்லாமல் பிடித்து அடைக்கும் நடவடிக்கை, முதல் நாளே 342 பேர். அடுத்த ஜனவரியில் டெர்ரியில் 'ரத்த ஞாயிறு'.

ஓ'கானல் இதில் கேரி ஹுக், டெர்பிஷயர் பையன். தம்பி ஒருவன் அனாதை இல்லத்தில். பெல்ஃபாஸ்டில் முதல் நாள், வீடு சோதனை, பெண்கள் குப்பைத்தொட்டி மூடியைத் தரையில் அடித்து எழுப்பும் சத்தம், கல்வீச்சு. பக்கத்தில் நின்ற சிப்பாய் முகத்தில் குண்டு. பின்வாங்கும் படை இவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மீதிப் படம் ஒரே ராத்திரி. ஓடுகிறான்.

வழியில் ஒரு பொடியன், நீ புராட்டஸ்டன்டா கத்தோலிக்கனா என்று கேட்க, இவன் தெரியாது என்கிறான். அந்த ஊரில் உயிரைத் தீர்மானிக்கிற கேள்விக்கு இவனிடம் பதிலே இல்லை! குண்டுவெடிப்பில் குடல் கிழிந்தவனைத் தைத்துக் காப்பாற்றுவது ஒரு கத்தோலிக்க வீட்டுக்காரர், முன்னாள் ராணுவ மருத்துவ உதவியாளர். பட்டாளம் என்றால் என்ன என்று அவர் சொல்வது, கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டால் இதுதான்: பணக்காரன் முட்டாளிடம் சொல்லி ஏழையைக் கொல்லவைப்பது. கடைசியில் இவனைக் கொல்லப் பார்ப்பது எதிரி மட்டும் அல்ல. மஃப்டியில் திரியும் சொந்த ராணுவத்து ஆளும்தான். இவன் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான். மேலதிகாரிகள் எல்லாவற்றையும் 'குழப்பமான சூழ்நிலை' என்று மூடிவிடுகிறார்கள். ஹாரி பிரவுன் நினைவில் சுத்தமாக இருந்த போர் இது.

பெர்லின் விழாவில் படம் ஓடியது. 2015 பாஃப்டாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 'வளரும் நட்சத்திரம்' விருது ஓ'கானலுக்கு, மார்கோ ராபியும் போட்டியில் இருந்தபோது. அதே மேடையில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் ஈட்டன் பள்ளியில் படித்த எடி ரெட்மெய்ன். நல்ல நடிகர்தான், குறை சொல்லவில்லை. ஒருவருக்கு ஈட்டன் இருந்தது, இன்னொருவருக்குக் காசு வாங்காத பட்டறை இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால்? டெர்பி கோர்ட்டின் பழைய பதிவேட்டில் ஒரு பெயராக நின்றிருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்தது. கேரி ஹுக் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம். ஓடு, ஓடு என்று சோபா நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்து பெயர் ஓடும்போதுதான் உறைத்தது. இவன் பிரெட். அதே டெர்பிப் பேச்சு, அதே கண், அதே மாதிரி வீடு. சீருடை போட்டுத் துரத்தப்பட்டால் பாவம் என்கிறேன். ஹூடி போட்டுத் துரத்தினால் கொல்லு என்கிறேன். குற்றப்படம், பேய்ப்படம், போர்ப்படம் என்று டப்பாவில் ஒட்டிய லேபிளைப் பார்த்து என் மனசு அதுவாகவே மாறிக்கொள்கிறது. பிரெட் செய்ததை மன்னிக்கச் சொல்லவில்லை. அவனைப் பார்த்தபோது எங்கிருந்து வந்தான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

மகனிடம் சொல்லாமல் விட்ட பாதி இது. எங்கள் புனே குடியிருப்புக்குப் பின்னாலும் ஒரு பழைய கல்குவாரி உண்டு, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பக்கத்து பஸ்தியில் இருந்து பையன்கள் நீந்த வருவார்கள், பாட்டுப் போடுவார்கள். 2010-ல் எங்கள் கமிட்டி அந்தப் பக்கத்துச் சுவரை உயர்த்தி மேலே முள்கம்பி போட முடிவு செய்தது. நான் ஈடன் லேக் பார்த்த அதே மாதம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவர்கள் எங்களை ஒன்றும் செய்ததில்லை. 1999-ல் நான்கு பேராக இந்த ஊருக்கு வந்தபோது, "மதராசி பேச்சலர்களுக்கு வீடு இல்லை" என்று பதினோரு வீட்டில் கதவைச் சாத்தியது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவே இல்லை.

இதை எழுதிவிட்டுப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தான். "அந்தச் சுவருக்கு முன்னாடி நான் அவங்களோட கிரிக்கெட் ஆடியிருக்கேன்பா. ஒருத்தன் செம பௌலர்" என்றான். பெயர் கேட்டேன். மறந்துவிட்டதாம். எனக்கோ தெரியவே தெரியாது.

நீங்கள் இந்தப் படங்களில் எதைப் பார்த்திருக்கிறீர்கள், யார் பக்கம் நின்றீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். இனி பார்ப்பதானால், ஈடன் லேக் முதலிலும் '71 கடைசியிலும். இடைவெளி அதிகம் விடாமல்.